முதல் கேள்வி டாக்டரிடமிருந்து வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளிர் பக்கத்தில் பெண்களுக்கு வரும் அந்தரங்கப் பிரச்சினைகளைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். விஷயம் எல்லாம் சரிதான். ஆனால் பத்திக்குப் பத்தி "கூச்சப்படாமல் மகளிர் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்" என்று வந்துகொண்டே இருந்ததே, அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கே உட்கார்ந்து பேசுவது சார்? அதை எழுதியவர் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஓ.பி. எதிலும் காலை 10 மணிக்கு வந்து நின்று பார்த்திருக்க மாட்டார்.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். சர்வீஸ் முழுக்க தர்மபுரி மாவட்டம்தான், பென்னாகரம் பக்கமும் பாலக்கோடு பக்கமும். ஊரில் இன்னமும் நர்சம்மாதான். சுகர் மாத்திரையைக் காட்டிச் சந்தேகம் கேட்க வருவார்கள், மருமகளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்ல வருவார்கள். இன்னும் சிலர் சும்மா வந்து திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, எழுந்து போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே "இன்னொண்ணு கேக்கணும்னு நெனச்சேன்..." என்று இழுப்பார்கள். அந்த இன்னொன்றுதான் வந்த காரியமே. கணவனோடு சேரும்போது வலி, சேர்ந்த பிறகு எரிச்சல், பிள்ளை பெற்ற பிறகு அந்த நினைப்பே பிடிக்கவில்லை, தீட்டு நின்ற பிறகு காய்ந்துபோய் ரணமாகிறது, இப்படித்தான் இருக்கும். "டாக்டர்கிட்ட சொன்னியா?" என்று கேட்டால் ஏதோ நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி ஒரு பார்வை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஓ.பி.யைக் கொஞ்சம் விவரிக்க வேண்டும். டாக்டரம்மா மேசைக்கு எதிரே ஒரு ஸ்டூல். ஸ்டூலில் ஒருத்தி, அவள் தோளை இடித்துக்கொண்டு அடுத்த டோக்கன், அதற்கும் அடுத்த டோக்கன். கதவில் திரை இருக்கும், ஆனால் அதைச் சுருட்டி மேலே செருகி வைத்திருப்பார்கள், காற்று வரவேண்டுமே. சிஸ்டர் சீட்டை வாங்கிக்கொண்டு "என்னம்மா உனக்கு?" என்று வராண்டா வரைக்கும் கேட்கிற மாதிரிக் கேட்பார். வராண்டாவில் யார் நிற்கிறார்கள்? பக்கத்து ஊர்க்காரி, சம்பந்தி வழிச் சொந்தம், நூறு நாள் வேலையில் கூட மண் சுமப்பவள். இந்தச் சபையில் வைத்து "வீட்டுக்காரர் கிட்ட வந்தா வலிக்குது" என்று எவள் சொல்வாள்? "அடிவயிறு வலிக்குது, வெள்ளப்படுது, இடுப்பு கழண்டு போகுது" என்பாள். டாக்டரும் அதற்கு உண்டான மாத்திரையை எழுதுவார். அவள் சொன்னதற்கு அவர் சரியாகத்தான் எழுதினார், ஆனால் எதற்காக வந்தாளோ அது அப்படியே பையோடு வீட்டுக்குத் திரும்பிப் போகிறது.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி. கல்யாணமாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, வயிற்றில் ஒன்றும் இல்லை என்று மாமியார் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார், தெரிந்த முகம் இருக்கட்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டார். டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் மாமியாரே பதில் சொன்னார். மாதா மாதம் சரியாக வருகிறதா என்றால் மாமியார், வலி இருக்கிறதா என்றால் மாமியார். அந்தப் பெண் கையில் இருந்த சீட்டை நாலாக மடித்து, எட்டாக மடித்து, மறுபடி பிரித்து மடித்துக்கொண்டே இருந்தாள். ஸ்கேன், ரத்தம், தைராய்டு, அடுத்த மாதம் கருக்குழாய் அடைப்பு பார்க்க டெஸ்ட் என்று எழுதிக் கொடுத்தார்கள். மாமியார் மருந்து வாங்க வரிசையில் நின்ற நேரத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நர்சம்மா, எங்களுக்குள்ள இன்னும் ஒண்ணுமே நடக்கல. அவரு கிட்ட வந்தாலே கீழ அப்படியே இறுகிக்குது. எவ்வளவு முயற்சி பண்ணியும் முடியல." இதற்கு முன்னாலேயே ஒரு இடத்தில் மந்திரித்துக் கயிறு கட்டியாகிவிட்டது. புருஷனுக்கோ இவளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்ற சந்தேகம். குழந்தை இல்லை என்று குழாய் வரைக்கும் போகப் பார்த்த ஆஸ்பத்திரியில், அடிப்படையான அந்த ஒரு கேள்வியை யாருமே கேட்கவில்லை.

இதற்குப் பெயர் வஜைனிஸ்மஸ். கண்ணில் தூசி விழப்போனால் இமை தானாக மூடிக்கொள்கிறதே, அந்த மாதிரி, பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள தசை அவள் சொல்லாமலே இறுகிக்கொள்கிறது. அவளுக்கு ஆசை இருக்கலாம், புருஷன்மேல் உயிரையே வைத்திருக்கலாம், ஆனாலும் இறுகும். பயம், முதல் நாள் பட்ட வலி, சின்ன வயதில் நடந்த ஏதாவது ஒன்று, இல்லை காரணமே தெரியாமலும் இருக்கும். இது நன்றாகக் குணமாகக் கூடிய பிரச்சினை. முதலில் இரண்டு பேரையும் உட்கார வைத்து உடம்பைப் பற்றிப் புரியும்படி சொல்ல வேண்டும். அந்தத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, அப்புறம் டைலேட்டர் என்று ஒன்று இருக்கிறது, விரல் கனத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும், அதை அவளே தன் கையால் தன் வேகத்தில் பழகுவாள். சில வாரங்கள் ஆகும், சிலருக்குச் சில மாதங்கள். அதுவரை புருஷன் பலவந்தம் பண்ணக் கூடாது, ஒவ்வொரு தடவை வலிக்க வலிக்க அது இன்னும் இறுகத்தான் செய்யும். நான் சொன்ன பெண்ணை வெளியூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினோம். அவர் முதல் நாள் கையுறை போடக்கூட இல்லை, "இன்னிக்கு உன்னைத் தொட மாட்டேன், பேசலாம்" என்றாராம். அதற்குப் பிறகுதான் அவள் வாயே திறந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள், அதற்குமேல் அவள் கதை இங்கே வேண்டாம்.

சரி, என் கட்சி என்னவென்றால், பேச வேண்டியது பெண்ணின் பொறுப்பு என்று அவள் தலையில் கட்டுவதை முதலில் நிறுத்துங்கள். முதல் கேள்வி டாக்டரிடமிருந்து வர வேண்டும். "தாம்பத்தியத்துல வலி, எரிச்சல், ரத்தம் படறது, வேற ஏதாவது கஷ்டம் இருக்காம்மா? இங்க வர்ற எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்." இவ்வளவுதான், அரை நிமிடம் கூட ஆகாது. அதில் அந்த 'எல்லார்கிட்டயும்' ரொம்ப முக்கியம். தன்னை மட்டும் பார்த்துக் கேட்கவில்லை என்று தெரிந்தால் பாதிக் கூச்சம் அங்கேயே போய்விடும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் "கடைசியா எப்போ தலைக்கு ஊத்திக்கிட்ட?" என்று கேட்டால் பெண்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு பதில் சொல்வார்கள், சிலர் மாமியாரைத்தான் பார்ப்பார்கள். இன்றைக்குப் படிக்காத பெண் கூட தேதியோடு சொல்கிறாள், செல்போனில் குறித்து வைத்துக் காட்டுகிறாள். எப்படி மாறியது? வந்தவர் போனவர் எல்லோரிடமும் விடாமல் கேட்டோம், சீட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது, அவ்வளவுதான். அதே சீட்டில் இன்னொரு கட்டம் போட முடியாதா?

டாக்டர்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். வரிசை வாசல் தாண்டி நிற்கும், நடுவில் பிரசவ வார்டிலிருந்து கூப்பிடுவார்கள், ரத்தசோகைக் கர்ப்பிணி ஒரு பக்கம், பி.பி. ஏறிய கர்ப்பிணி ஒரு பக்கம். இதற்கிடையில் ஒருத்தியின் படுக்கையறைச் சங்கடத்தை உட்கார்ந்து கேட்க முடியுமா என்பார்கள். அப்புறம் வெளியே சொல்லாத ஒன்று, டாக்டர்களுக்கும் கூச்சம் உண்டு. படிப்பில் இதை எப்படிக் கேட்பது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை போலிருக்கிறது. சிலர் கேட்கத் தொடங்கி, பதில் வருவதற்குள் தாங்களே தலையைக் குனிந்து சீட்டில் எழுத ஆரம்பித்துவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று யோசியுங்கள், வெள்ளைப்படுகிறது என்று ஒரே பெண் மாதா மாதம் வந்து, மாதா மாதம் அதே மாத்திரையை வாங்கிப்போனால் அந்த வரிசை எப்போது குறையும்?

வெள்ளைப்படுதலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்தில் எல்லாவற்றையும் அதில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள், 'உடம்பு சூடு' என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கிறார்கள். மாதத்தின் நடுவில் கண்ணாடி மாதிரி, வழவழப்பாக, நாற்றம் அரிப்பு இல்லாமல் வருவது இயற்கை, அதற்கு வைத்தியமே வேண்டாம். தயிர் திரிந்த மாதிரி கட்டி கட்டியாக வந்து அரிப்பும் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அது திரும்பத் திரும்ப வந்தால் சுகர் பார்க்க வேண்டும், பலருக்கு சுகர் இருப்பதே இப்படித்தான் தெரிய வருகிறது. மீன் நாற்றத்தோடு சாம்பல் நிறத்தில் வந்தால் அது வேறு, பாக்டீரியா. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்துக்கொண்டு வந்தால் டிரைக்கோமோனஸ் என்ற தொற்றாக இருக்கலாம், இதற்குப் புருஷனும் சேர்ந்து மாத்திரை சாப்பிட வேண்டும், அவருக்கு ஒரு தொந்தரவும் தெரியாவிட்டாலும் சரி. இங்கேதான் சிக்கல். சனிக்கிழமை ராத்திரி பெங்களூரிலிருந்து கட்டட வேலை முடித்து வந்து இறங்கி, திங்கட்கிழமை விடியற்காலை திரும்பிப் போகிற புருஷனிடம் "நீயும் மாத்திரை சாப்பிடணும்" என்று அவள் எப்படிச் சொல்வாள்? சொன்னால் "எனக்கு என்ன வியாதி, நீ எங்கே வாங்கிட்டு வந்தே" என்று கதை வேறு பக்கம் போகும். அவளுக்கு மட்டும் குணமாகி, அடுத்த சனிக்கிழமை மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அந்தச் சீட்டைப் புருஷன் கையில் கொடுத்து "இது ரெண்டு பேருக்கும்" என்று சொல்ல வேண்டியதும் டாக்டர்தான். கூடவே எச்.ஐ.வி. பரிசோதிக்கிற நம்பிக்கை மையத்தில் இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லலாம், அது இலவசம், விவரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று. டெட்டால் ஊற்றி உள்ளே கழுவுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, டி.வி. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வாசனைத் திரவம் வாங்கிக் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். உள்ளே இருக்கிற நல்ல கிருமிகள்தான் அந்த இடத்தைப் புளிப்புத் தன்மையோடு வைத்துக் காவல் காக்கின்றன. அவற்றைக் கழுவிக் கொன்றுவிட்டால் தொற்று வராமல் என்ன செய்யும்? வெளிப்பக்கம் வெறும் தண்ணீர் போதும்.

பிள்ளை பெற்றவர்கள் விஷயம் தனி. தையல் போட்ட இடம் ஆறிவிட்டது என்று ஊரில் எல்லோரும் நினைப்பார்கள், அவளுக்குத்தான் தெரியும் அந்தத் தழும்பில் பட்டால் சுரீர் என்பது. பால் கொடுக்கிற காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவாக இருப்பதால் அந்த இடம் வறண்டுதான் இருக்கும், இது நோயும் இல்லை, புருஷன்மேல் வெறுப்பும் இல்லை. தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வழவழப்பு ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கிறது, அது போதும் பலருக்கு. தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறோமே என்பார்கள். ஆணுறை போடுகிறவர்கள் எண்ணெய் தடவக் கூடாது, லேடெக்ஸ் ஆணுறை கிழிந்துவிடும். பிரசவம் ஆன கையோடு காப்பர் டி வைத்துக்கொண்டவர்களில் சிலர் "நூல் குத்துதுன்னு அவரு சொல்றாரு" என்று வந்து அதையே எடுத்துவிடச் சொல்வார்கள். எடுக்க வேண்டாம், நூலைக் கத்தரித்துச் சரி செய்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் "காப்பர் டி எனக்கு ஒத்துக்கல, தலை சுத்துது" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய், அடுத்த வருடம் வேண்டாத கர்ப்பத்தோடு வருகிறவர்கள் உண்டு.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பயம் தருவது சேர்ந்த பிறகு ரத்தம் படுவது. சொல்லவே மாட்டார்கள். புண்ணாக இருக்கலாம், தொற்றாக இருக்கலாம், ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறிகளில் அதுவும் ஒன்று. அதேபோல் தீட்டு நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் காட்டியே ஆக வேண்டும். பாலக்கோட்டில் தக்காளி தரம் பிரிக்கிற கொட்டகையில் ஒரு அம்மாவைப் பார்த்தேன், ஐம்பதைத் தாண்டியவர். கூடையைத் தள்ளி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "நின்னு போனது மறுபடி வருது, இளமை திரும்புதாம், நல்லதுதானே?" கூட இருந்தவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குக் கைகால் ஓடவில்லை. அடுத்த நாளே அழைத்துப்போனோம், நல்லவேளை பெரிதாக ஒன்றும் இல்லை. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்ப்பது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. அந்தப் பரிசோதனைக்கு வருகிற பெண்ணிடம் அந்த இடத்திலேயே தாம்பத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே? பரிசோதனை மேசை வரைக்கும் வந்துவிட்டவளிடம் இனி என்ன கூச்சம்?

வயதான பெண்களிடம் கேட்கவே மாட்டார்கள், "இந்த வயசுல என்ன" என்பதுதான் டாக்டரிலிருந்து மகள் வரைக்கும். ஐம்பது வயதில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து இருந்தால் குற்றமா? தீட்டு நின்ற பிறகு வறட்சியால் வரும் ரணத்துக்கும், அடிக்கடி வரும் நீர்க்கடுப்புக்கும் அந்த இடத்தில் மட்டும் தடவுகிற ஈஸ்ட்ரோஜன் களிம்பு இருக்கிறது, டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடி இறங்கிவிட்டது, அதாவது கர்ப்பப்பை கீழே சரிந்துவிட்டது என்று துணியை மடித்துச் செருகிக்கொண்டு காட்டு வேலைக்குப் போகிற அம்மாக்கள் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். ஆபரேஷன் ஒன்றுதான் வழி என்று பயந்து வருவதில்லை. உள்ளே பொருத்துகிற வளையம் இருக்கிறது, ஆரம்பக் கட்டத்தில் தசைப் பயிற்சியும் உதவும். இன்னொரு பக்கம், ஏதாவது வலி என்றாலே "கர்ப்பப்பையை எடுத்துடுங்க, அது எதுக்கு இனி" என்று அவர்களே கேட்பது. கூடவே முட்டைப்பையையும் எடுத்துவிட்டால் நாற்பது வயதுக்காரிக்கு மறுநாளே மெனோபாஸ்தான், வறட்சி, எரிச்சல், எலும்புத் தேய்மானம் எல்லாம் முன்கூட்டியே வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் "முட்டைப்பையை எடுக்கிறீங்களா, வைக்கிறீங்களா, ஏன்?" என்று கேளுங்கள் அம்மா. இது ஒன்றை மட்டும் பெண்களே கேட்க வேண்டும் என்று நான் சொல்வேன்.

ஆசை குறைந்துபோவதைப் பற்றி ஒரு வார்த்தை. ரத்தம் குறைந்தவளுக்கு, தைராய்டு இருக்கிறவளுக்கு, விடியற்காலை 4 மணிக்கு எழுந்து மாடு கறந்து, ஓசூர் கம்பெனி பஸ்சைப் பிடித்து, ஷிப்ட் முடித்து வந்து சமைக்கிறவளுக்கு ஆசை எங்கிருந்து வரும்? மன அழுத்தத்துக்குச் சாப்பிடுகிற சில மாத்திரைகள் ஆசையைக் குறைக்கும், சில பி.பி. மாத்திரைகளும் அப்படித்தான். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தரலாம், தானாக நிறுத்தக் கூடாது. குடித்துவிட்டு வந்து மிரட்டுகிற புருஷனிடம் ஆசை வரவில்லை என்றால் அதற்கு மாத்திரை கிடையாது. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் வன்முறைதான், 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம். வலிக்கிறது என்று சொன்ன பிறகும் நிறுத்தாதவனை டாக்டர் திருத்த முடியாது, ஆனால் "வீட்டுல பயம் இருக்காம்மா?" என்று தனியாகக் கேட்கலாம்.

தனியாக என்கிறபோது இதையும் சொல்ல வேண்டும். மாமியாரோ புருஷனோ இரண்டு நிமிடம் வெளியே நிற்க வேண்டும், யாராக இருந்தாலும். 'ரூல்' என்று சொன்னால் நம் ஆட்கள் கேட்டுக்கொள்வார்கள், ஸ்கேன் ரூமுக்கு வெளியே நிற்கவில்லையா? பரிசோதனைக்கு முன்னால் "இப்ப உள்ள பார்க்கப் போறேன், வேண்டாம்னா சொல்லு, வலிச்சா நிறுத்திடறேன்" என்று சொல்ல வேண்டும். ஆண் டாக்டராக இருந்தால் பெண் உதவியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும். தேன்கனிக்கோட்டை, தளி பக்கமெல்லாம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பெண்கள் அதிகம், தெற்கேயிருந்து மாற்றலாகி வந்த டாக்டருக்கும் அவளுக்கும் நடுவில் ஆயாதான் மொழிபெயர்ப்பு, அதுவும் உரத்த குரலில். கல்யாணம் ஆகாத பெண்களின் நிலைமை இதைவிட மோசம். ஓசூர் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பெண் அரிப்பு என்று வந்தால் முதல் கேள்வியே "கல்யாணம் ஆச்சா?", அதுவும் கழுத்தைப் பார்த்துக்கொண்டே. கிருமிக்குத் தாலி தெரியுமா?

18 ஆகாத பெண்களைப் பற்றி எழுதாமல் விட்டால் என் மனசு கேட்காது. குழந்தைத் திருமணம் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் இன்னும் ஒழியவில்லை, எல்லோருக்கும் தெரியும். 2012 போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்பதால், அந்தப் பெண்ணுக்கு என்ன வலி என்ன ரணம் இருந்தாலும் வீட்டில் வைத்தே ஒத்தடம் கொடுக்கிறார்கள். சட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. போலீசுக்குச் சொல்வது வேறு, சிகிச்சை தருவது வேறு, சிகிச்சையை மறுக்க முடியாது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளது பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று சொன்னது. இது எத்தனை ஆஸ்பத்திரிகளில் நடைமுறையில் இருக்கிறது என்று உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுதலாம்.

இனி கலெக்டர்களுக்கும் சுகாதாரத் துறைக்கும். புதன்கிழமை என்றால் தடுப்பூசி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கர்ப்பிணிகளுக்கு மாதத்தில் 9-ம் தேதி என்று 2016-லிருந்து ஒரு நாள் இருக்கிறது. கர்ப்பிணியாக இல்லாத பெண்ணுக்கு என்று ஒரு நாள் உண்டா? தர்மபுரியில் 2008-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் 2022-ல் வந்துவிட்டது. மகளிர் நோய், தோல் மற்றும் பால்வினை நோய், மனநலம், மூன்றுமே மருத்துவக் கல்லூரியில் இருக்கிற துறைகள்தான். வாரத்தில் ஒரு மத்தியானம், கூட்டம் வடிந்த பிறகு, கதவு சாத்துகிற ஒரு அறையில் மூன்று துறையும் சேர்ந்து உட்கார என்ன தடை? புதுக் கட்டடம் கேட்கவில்லை, மெஷின் கேட்கவில்லை. பெயர்ப்பலகையில் 'பெண்கள் நல ஆலோசனை' என்று பொதுவாகப் போட்டால் போதும், வேறு எதுவும் எழுத வேண்டாம், எழுதினால் யாரும் வர மாட்டார்கள்.

அப்புறம், மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி வந்து பி.பி., சுகர் மாத்திரை தருகிறார்கள், படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்கு இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள். அதே இயன்முறை சிகிச்சையாளர்களுக்கு இடுப்புத் தளத் தசைப் பயிற்சியையும் சேர்த்துச் சொல்லித் தந்து அனுப்பினால், இருமினால் சிறுநீர் போகிறது என்று விசேஷ வீட்டுக்கே போகாமல் இருக்கிற பெண்களுக்கும், அடி இறங்குகிற ஆரம்பத்தில் இருக்கிறவர்களுக்கும் வாசலிலேயே உதவி கிடைக்கும். வீட்டுக்கு வருகிற ஊழியப் பெண்ணிடம் பேசுவது டாக்டரிடம் பேசுவதைவிடச் சுலபம், அதை அனுபவத்தில் சொல்கிறேன்.

அதுவரை என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு உபாயம். ஸ்டூலில் உட்கார்ந்ததும் விவரம் எதுவும் சொல்ல வேண்டாம், "டாக்டர், தனியா ஒண்ணு சொல்லணும், பரிசோதனை ரூம்ல சொல்றேன்" என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். வாயில் வரவில்லையா, ஒரு துண்டுச் சீட்டில் 'சேரும்போது வலி' என்று எழுதி ஓ.பி. சீட்டோடு சேர்த்து நீட்டிவிடுங்கள். எப்போதிலிருந்து, ஒவ்வொரு தடவையுமா, தொடக்கத்தில் வலியா ஆழத்தில் வலியா, இதை மட்டும் யோசித்து வைத்துக்கொண்டு போங்கள். ஆழத்தில் வலி என்றால் கட்டி, கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸ், உள் தொற்று என்று டாக்டர் தேடுகிற இடமே வேறு.

கடைசியாக உங்களிடம் ஒரு குறை, ஆசிரியரே. தர்மபுரி பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவர் முழுக்க ஆண்மைக் குறைவுக்கு லாட்ஜில் வைத்தியம் என்று நோட்டீஸ். ஆண்களுக்கு ஏமாறுவதற்காவது ஒரு இடம் இருக்கிறது. அதே விளம்பரம் உங்கள் பத்திரிகையிலும் வருகிறது, இந்தத் தேதியில் இந்த ஊர் இந்த லாட்ஜ் என்று. இப்படிப்பட்ட விளம்பரங்களை 1954-ம் வருடச் சட்டமே தடை செய்திருக்கிறது. மகளிர் பக்கத்தில் டாக்டரிடம் போகச் சொல்லிவிட்டு, அதே தாளின் மறுபக்கத்தில் புருஷனை லாட்ஜுக்கு அனுப்பினால் எப்படி? அந்த இடத்தில் அரசு ஆஸ்பத்திரியில் என்ன கிழமை என்ன ஓ.பி. என்று நாலு வரி போடுங்கள். இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் என் பெயர் வேண்டாம், என்னிடம் வந்து பேசுகிறவர்கள் யார் யார் என்று ஊரில் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அந்த விளம்பரத்துக்குப் பக்கத்தில் மட்டும் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தர்மபுரி மாவட்டம்